முண்டா

மனைவியின் கைப்பேசியில் இன்னொரு ஆணின் கை இருந்தது. வெறும் கை மட்டும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை நரம்பு புடைத்து, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது.

கடிகாரம் பழுது பார்ப்பவன் அவன். உள்ளறையில் அம்மாவின் கட்டிலில் கிடந்த கைப்பேசியை மணி பார்க்கத்தான் எடுத்தான். பார்த்துவிட்டு, ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றான்.

யார் இது என்று கேட்டான். ஒரு நடிகர் என்றாள் மனைவி. படத்துக்காகப் பன்னிரண்டே வாரத்தில் இந்தக் கைகளை உண்டாக்கினாராம். அதற்கு என்னென்ன பயிற்சி செய்தார் என்று வரிசையாகக் காட்டுகிறார்களாம். சொல்லிவிட்டு அவள் பார்வை அவனுடைய கைகளில் இறங்கியது.

அன்று கடையில் வேலை ஓடவில்லை. பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் அடுத்தவன் முண்டாவைப் பார்த்து ரசிக்கிறாள். இடுக்கியைப் பிடித்திருந்த தன் கையை லென்ஸ் வழியாகப் பார்த்தான். பூதக்கண்ணாடியிலும் அது துடைப்பக் குச்சியாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அவனே வாய் திறந்தான். "நானும் செஞ்சா வருமா?"

"ஏன் வராது? நான் எண்ணிக்கை சொல்றேன்," என்றாள்.

அவன் கனம் தூக்கி வருஷக்கணக்காகிவிட்டது. கை நடுங்கினால் பிழைப்பு போய்விடும் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். நான்கு வருஷத்துக்கு முன் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோதும் அந்தச் சட்டம்தான் செல்லுபடியானது. ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டுவிட்டு, அம்மாவைக் காலையில் சக்கர நாற்காலிக்குத் தூக்குவதும் இரவு திரும்பப் படுக்க வைப்பதும் மனைவிதான். அவன் நாற்காலி உருளாமல் பிடித்துக்கொள்வான்.

முதல் வாரம் தலை சீவக்கூடக் கை மேலே எழவில்லை. அவள்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் வாரம் விரல்கள் தந்தியடித்ததில், கடைக்கு வந்த இரண்டு பேரை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினான். ஆனாலும் பயிற்சியை விடவில்லை.

விடிந்தும் விடியாமலும் அவள் ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள். முகம் கோணாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். கல்யாணமான புதிதில்கூட அவள் தன்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

ஏழாம் வாரம் சட்டைக் கைகள் இறுகின. பிரித்துத் தைக்கக் கொண்டுபோனபோது, வீட்டில் கவனிப்பு பலமோ என்று தையல்காரர் கேட்டார். அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

ஒன்பதாம் வாரம், இப்போதும் கை நடுங்குகிறதா என்று விசாரித்தாள். தலைமுடி போன்ற சுருள்வில்லை ஒரே தடவையில் பொருத்தியதைச் சொல்லி அவன் பீற்றிக்கொண்டான். அவள் தலையசைத்தாள். மறுநாள் கூடத்தில் ஒரு மணல் மூட்டை இருந்தது.

அதை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி, நான்கு அடி நடந்து, சத்தம் வராமல் இறக்க வேண்டும். 'தொம்' என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து. இதெல்லாமா அந்த நடிகர் செய்தார் என்று சந்தேகப்பட்டான். கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சிக்காகச் செய்தாராம். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வாரத்தின் கடைசி நாள் மூட்டை பூனைபோலத் தரையிறங்கியது. குளித்து, கையில்லாத பனியனைப் போட்டுக்கொண்டு வந்தான். இன்று கடையை அடைத்துவிட்டு அவளை வெளியே எங்காவது அழைத்துப்போகலாம் என்று நினைத்திருந்தான்.

அவள் வாசலருகே இரண்டு பெட்டிகளோடு நின்றாள்.

பழைய வேலைக்கே கூப்பிட்டிருக்கிறார்களாம். வேறு கிளையாம், பஸ்ஸில் ஐந்து மணி நேரமாம். தங்க அறைகூடப் பார்த்தாகிவிட்டதாம். கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது என்று, பால்காரர் வந்துபோன கணக்காகச் சொன்னாள்.

மூன்று மாதம். ஸ்டூலில் உட்கார்ந்து அவள் தினமும் எண்ணியது எதை என்று அவனுக்கு இப்போது விளங்கியது.

"அப்போ எனக்காக நீ எதுவுமே செய்யலையா?"

"கை வந்துச்சுல்ல?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது.

"எப்ப வருவ?"

"இப்ப சொல்லத் தெரியலைங்க. இனிமே அத்தையை நீங்கதான் தூக்கணும்."

அவன் விறுவிறுவென்று உள்ளறைக்குப் போனான். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பத்து வருஷத்தில் அம்மா ஒரு நாளும் மருமகள் பக்கம் பேசியதில்லை; இன்றைக்கா பேசப்போகிறாள்? கட்டிலருகே நின்று, கடிதத்தை மறைத்தது, ஆசைகாட்டி வேலை வாங்கியது, கூடவே இருந்து கழுத்தறுத்தது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினான்.

அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். வாசலில் பெட்டி நகரும் சத்தம் தெருவுக்கு இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு போர்வையை ஒதுக்கிவிட்டு, மகனை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"யோசனையே என்னோடதுதான்டா. வந்து தூக்கு."