மிதவையில் கட்டிய கயிறு

கரை கண்ணுக்கெட்டாத ஆழ்கடலில், அலையையும் காற்றையும் அளந்து கரைக்குச் சொல்லும் மஞ்சள் மிதவை ஒன்று இருந்தது. அதன் நிழலில் மீன் கூடும் என்று காலையிலேயே வந்த விசைப்படகு, மிதவையின் கம்பத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டது. கம்பம் வளைந்து, கரைக்குச் சேதி அனுப்பும் ஒயர் அறுந்தது.

"கயித்த அவிழ்த்து விடு. ஒயர் அறுந்துபோச்சு, கரைக்கு ஒண்ணும் சொல்ல முடியல," என்றது மிதவை.

"இன்னும் ஒரு வலை போட்டுக்கறேன்," என்றது படகு.

மதியத்துக்குள் தெற்கே வானம் கறுத்தது.

"அலை ரெண்டு மீட்டரத் தாண்டியாச்சு. கரைக்குக் கிளம்பு," என்றது மிதவை.

"அத நீ சொல்லாத. ரேடியோ சொல்லட்டும், கிளம்பறேன்."

படகு தன் ரேடியோவைத் திருகியது. "ஆழ்கடல் மிதவையிலிருந்து காலை முதல் தகவல் இல்லை," என்றது ரேடியோ. "எனவே காலை அறிவிப்பே தொடர்கிறது. கடல் அமைதியாக இருக்கும்."

"கேட்டியா?" என்றது படகு.

"மூணு மீட்டர். கயித்த அவிழ்த்து விடு," என்றது மிதவை.

படகு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தது. பெரிய அலை ஒன்று வந்து இரண்டையும் ஒன்றாகத் தூக்கி இறக்கியது.

"நாலு," என்றது மிதவை.