இசக்கியம்மா கேட்ட மோட்டார்

கல் அந்தரத்தில் நின்றது. லிவரை நடுவில் விட்டுவிட்டு நூர்முகம்மது பாய் கையை எடுத்தார். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

தச்சநல்லூரில் பாய் கடை வாசலில் என் டிராக்டரை நிறுத்தியிருந்தோம். அதன் பின்னால் கிணறு தூர் வார, வடம் சுற்றித் தூக்குகிற வின்ச். வின்ச்சைச் சுழற்றுகிற ஹைட்ராலிக் மோட்டார் பழுதாகிவிட்டது. வேறு மாட்ட பாய் இரண்டு எடுத்து வைத்தார்.

முதலில் மாட்டிப் பார்த்தது சின்னது. சோதனைக்கு வடத்தில் கட்டிய கல்லை விறுவிறுவென்று தூக்கிவிட்டது. ஆனால் நிறுத்திய பிறகு கல் தானாக ஒரு சாண் கீழே வந்தது.

இப்போது மாட்டியிருப்பது பெரியது. ஆடி அசைந்துதான் தூக்குகிறது. பிடித்தால் பிடித்தபடி.

மறுநாள் காலை மானூர் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் வேலை. சேறு ஏறுகிற தொட்டியில்தான் ஆளும் இறங்கி ஏற வேண்டும். முதலில் இறங்குவது பேச்சிமுத்து. மேலே நின்று லிவரைப் பிடிப்பது அவன் அம்மா இசக்கியம்மா. அவர்கள் என்னிடம் வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கை பழகட்டும் என்று அவளையும் கடைக்குக் கூட்டி வந்திருந்தேன்.

“பதறாத காரியம் சிதறாது. பெரிசையே கொண்டு போங்க” என்றார் பாய்.

“சின்னதைப் போடுங்க அண்ணாச்சி” என்றாள் இசக்கியம்மா.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. பேசியது மொத்தக் கூலி. சீக்கிரம் தூக்கினால் சீக்கிரம் முடியும், அடுத்த கிணற்றுக்கு ஓடலாம் என்று மனக்கணக்குப் போடுகிறாள். அதுவும் பெற்ற பிள்ளை தொங்கப் போகிற வடத்தில்.

“ஒனக்குக் கண்ணு தெரியலையா? கல்லு எறங்கிச்சுல்லா? நாளைக்கு ஒம் புள்ளைல்லா அதுல தொங்குவான்! நீயெல்லாம் ஒரு தாயா?”

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் நேராக வந்து லிவரைப் பிடித்தாள். கல்லைத் தரைக்கு இறக்கினாள். மறுபடி ஏற்றினாள்.

கல் பைய ஏறியது. அவள் அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“போன கோடையில பேச்சிமுத்து அப்பா கிணத்துக்குள்ள எறங்குனாக. கீழ கெட்ட காத்து. தலை சுத்துதுன்னு சத்தம் குடுத்துட்டு தொட்டிக்குள்ள உக்காந்துட்டாக. நாந்தான் லிவரைப் பிடிச்சிருந்தேன். இதே மாதிரி பெரிய மோட்டாருதான். பாதிக் கிணறு வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டு வந்தாக. அதுக்கு மேல கண்ணு அசையல.”

கல் இன்னும் உச்சிக்கு வந்து சேரவில்லை.

“அது நழுவவே இல்ல அண்ணாச்சி.”

நான் கேட்ட கேள்வியை எங்கே கொண்டு போய்ப் புதைப்பது என்று தெரியவில்லை.

தொட்டியில் பாதிச் சேறுதான் ஏற்றுவோம், சின்னதற்குத் தனியாக ஒரு பிரேக் வைத்துத் தர முடியுமா என்று பாயிடம் கேட்டேன். அதற்குள் அவர் ஸ்பானரை எடுத்துப் பெரியதைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.