மான் பலகை

தச்சனுக்குத் தன் கைவேலையைப் பற்றி எந்த மயக்கமும் இல்லை. அவன் சிங்கம் செதுக்கினால், "நாய்க்குட்டி நல்லாருக்கு" என்பார்கள். சாயம் ஏற்றினால் மரத்துக்குத் தோல் வியாதி வந்த மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவன் பல் டாக்டரம்மா வீட்டுப் பலகையைத் திருடத் துணிந்தான். துள்ளும் மான், புடைப்புச் சிற்பம், பாட்டன் காலத்தது. மங்கிவிட்டதென்று மெழுகு பூசக் கொடுத்திருந்தார். போலியைத் திருப்பிக் கொடுத்து அசலை விற்றால் சொந்தக் கடை. மாட்டினால் கம்பி எண்ண வேண்டும்.

பழைய கதவு ஒன்றை அறுத்து, அதில் மானைச் செதுக்கினான். நீர்த்த சாயத்தைப் பூசினான். காயவிட்டு மறுபடி பூசினான். பள்ளங்களில் கருஞ்சாயத்தைத் தேங்கவிட்டு, மேடுகளைத் துணியால் துடைத்தெடுத்தான். கடைசியில் இரண்டு பலகைக்கும் ஒரே மெழுகு. வாசலில் உலர வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

மழை பிடித்துக்கொண்டது. மனைவி ஓடிப்போய் இரண்டையும் அள்ளி வந்தாள்.

"அடிப்பாவி, எது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நனையாம எடுத்ததே பெருசு. வலது என்ன, இடது என்ன?"

தலையில் கைவைத்தவன், பலகைகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். மெழுகு ஏறியதில் ஒரு மானின் வயிறெல்லாம் சாயத் திட்டுகள். இன்னொன்று கண்ணாடி போல ஒரே சீர்.

"இந்தச் சொறி மான் யாரு பெத்தது?"

"இதுல என்னங்க சந்தேகம்? உங்க ஜாடை அப்படியே இருக்கே."

சொறி மானைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான். டாக்டரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். 

"சின்ன வயசுல பார்த்த மாதிரியே ஆக்கிட்டீங்களே!"

என் வேலையை நம்பவும் உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டான்.

அங்கிருந்து வீட்டுக்கு ஓடினான். மற்ற மானோடு பழம்பொருள் வியாபாரியிடம் வந்து நின்றான். வியாபாரி பள்ளத்தில் ஊசியால் லேசாகக் கீறினார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மரம் பழசு, செதுக்கு புதுசு. பிரமாதம்யா! உனக்கு இவ்வளவு நல்லா வேலை வரும்னு யாருமே சொல்லலியே?"