கை நனைத்த வீடு

அன்று அந்த மாடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். சங்கரன்கோவிலிலிருந்து வந்த பிரமநாயகம். அவரைக் கூட்டி வந்த நண்பர் உலகநாதன். கீழே மெஸ் நடத்தும் குற்றாலிங்கம். அவர் மனைவி பகவதி. பரிமாறக் கரண்டியோடு நின்ற தாணு.

வேறு யாரும் இல்லை.

அதுதான் பிரமநாயகத்துக்கு முதலில் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மதியம். தூத்துக்குடி வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு மெஸ்ஸில் இரண்டே இலைகளா?

“கீழ இன்னைக்கு லீவு வே. நமக்குன்னா மாடியில போடுவாக. காத்தோட்டமா இருக்கும்” என்றார் உலகநாதன்.

பிரமநாயகம் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலையில் வந்திருந்தார்கள். இரண்டு நாள் கடற்காற்று வாங்கலாம் என்று உலகநாதன்தான் விடாமல் நச்சரித்தார்.

“வாரும்வே. உம்ம மூஞ்சியும் கொஞ்சம் தெளியும்.”

“இந்த வெயில்ல மூஞ்சி கறுக்கும். தெளியாது.”

“இதுக்கு மேல கறுக்க என்ன இருக்கு?”

தூத்துக்குடி என்றதும் அவர் தயங்கியது உண்மை. மகள் சங்கரி தனக்குப் பிடித்திருப்பதாகச் சொன்ன பையன் இந்த ஊர். அவன் அப்பா மெஸ் நடத்துகிறார் என்றதும் பிரமநாயகம் மேற்கொண்டு கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

சோறு விற்கிற வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்றார். அத்தோடு முடிந்தது.

சங்கரிக்கு அது முடியவில்லை. அதன் பிறகு வந்த வரன்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பாவிடம் சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

தயங்கியவர் பிறகு கிளம்பிவிட்டார். ஊர் என்ன அவன் அப்பன் சொத்தா? தூத்துக்குடியில் மெஸ்ஸுக்கா பஞ்சம்?

கப்பல் பார்த்தார்கள். கண் கூசும் வரை கடலைப் பார்த்தார்கள். உலகநாதன் பேரப்பிள்ளைகளுக்கு முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கினார்.

இப்போது இலையில் சோறு விழுந்தது.

அதன் மேல் தாணு ஊற்றியது சாம்பார் இல்லை.

சொதி.

தேங்காயை அரைத்து மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு வைத்த சொதி. ஓரத்தில் இஞ்சித் துவையல். கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்திகளை உட்கார வைத்துப் பரிமாறுகிற சாப்பாடு.

எந்த மெஸ்ஸில் இதை வைக்கிறார்கள்?

குற்றாலிங்கம் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பகவதி கதவோரம் பட்டுப் புடவையில் நின்றாள். சமைக்கிறவள் இந்த வெயிலில் பட்டு உடுத்துவாளா?

எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உலகநாதன் மட்டும் நிமிரவில்லை. ரயிலுக்கு நேரமானவர் மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.

பிரமநாயகம் சோற்றைப் பிசைந்தார். உருட்டினார். வாய்க்குக் கொண்டு போகும்போது பகவதி சொன்னாள்.

“எலே தாணு, மாமாவுக்கு இன்னுங் கொஞ்சம் சொதி ஊத்து.”

கை நின்றது.

மாமா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தாணுவுக்கு முப்பது வயதிருக்கும். மீசையோரம் வேர்த்திருந்தது. கரண்டியில் சொதியை மொண்டவன் ஊற்றாமல் அவர் முகத்தையே பார்த்தான். பரிமாறுகிற வேலைக்காரனுக்கு எதற்கு இந்தத் தயக்கம்?

சம்பந்தம் பேசுகிற வீட்டில் முடிவாகும் முன் கை நனைப்பதில்லை. தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம். பிறகு மாற்றிப் பேச முடியாது. அவர் அப்பா, ஒரு வீட்டில் வெயிலில் மயக்கம் வந்தும் மோர் வாங்காமல் எழுந்து வந்தவர்.

ஆனால் இது மெஸ்.

மெஸ்ஸில் சாப்பிட்டால் சம்பந்தமாகுமா? கீழே போர்டு தொங்குகிறது. காசு கொடுத்தால் கடைச் சாப்பாடு. கொடுக்காவிட்டால் வீட்டுச் சாப்பாடு. இப்போது எழுந்து, எவ்வளவு ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எல்லாம் அழிந்துவிடும்.

எழுந்தால், பரிமாறிய இலையை அவமதித்த குடும்பம் என்று பெயர்.

சாப்பிட்டால், சொன்ன சொல்லை விழுங்கிய குடும்பம் என்று பெயர்.

எது பெரிய குறைச்சல் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இப்படி ஒன்றும் பிடிபடாமல் அவர் உட்கார்ந்ததே இல்லை.

“வே உலகநாதா…” என்றார்.

“சாப்பிடும்வே. சொதி ஆறிரும்.”

குற்றாலிங்கம் இடுப்புத் துண்டை ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். யார் வீடு என்று தெரிந்துதான் பிரமநாயகம் வந்திருக்கிறார் என்று அந்த மனிதர் நம்பியிருந்தார். அது முகத்திலேயே தெரிந்தது.

பிரமநாயகத்தின் விரல் வழியாகச் சொதி மணிக்கட்டுக்கு இறங்கியது.

சங்கரியின் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது.

நண்பன் பெரியவரை ஏமாற்றிவிட்டான், மெஸ் என்று நினைத்துத்தான் அவர் கை நனைத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது.

அது பொய்.

பிரமநாயகம் எந்தக் கடையிலும் மறுசோறு கேட்டதில்லை.

அன்று கேட்டார்.