பொய் சொல்லாத கமரா

“கொஞ்சம் சரிச்சுப் பிடிங்க. முகத்தில நிழல் விழுது. அசையப்படாது!” என்றான் ரதீஸ்.

கலியாண வீடுகளில் படமெடுக்கும்போது இதைச் சொல்லிச் சொல்லியே அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்றைக்கு எதிரே நின்றது மணப்பெண் இல்லை. முழங்கால் சேற்றில் நின்ற மாமா வினாயகமூர்த்தி. முகம் என்று அவன் சொன்னதுகூட மாமாவின் முகத்தை இல்லை, அவர் பிடித்திருந்த அட்டையை. அட்டை முழுக்கச் சின்னச் சின்ன நிறச் சதுரங்கள்.

வாவியின் உப்புத்தண்ணீர் அணையை உடைத்து ஏறியதில் மாமாவின் வெள்ளாமை மஞ்சளாகிப்போனது. கதிரெல்லாம் மணி பிடிக்காத சப்பி. அழிவு என்று விவசாயக் கந்தோரில் அதிகாரி எழுதினால்தான் அடுத்த போகத்துக்கு விதைநெல் கிடைக்கும். இல்லாவிட்டால் வயல் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

போன கிழமை மாமா தன் போனில் எடுத்த படத்தோடு போனார். போன் தன்பாட்டில் அழகு பார்த்து எல்லாவற்றையும் பச்சையாக்கியிருந்தது. “பச்சைப்பசேலெண்டு இரிக்கு. நல்லா வரும், போங்க” என்றார் அதிகாரி. பிடுங்கிக் கொண்டுபோன பயிரைக் காட்டியதற்கு, “அது ஆர்ர வயலோ! படத்தில தெரியோணும்” என்றுவிட்டார். நேரில் வந்து பார்க்க வாகனத்துக்கு எண்ணெய் இல்லையாம்.

“இந்த அட்டை என்னத்துக்கு மருமகன்?”

“எல்லாக் கமராவும் நிறத்தில பொய் சொல்லும் மாமா. இந்த வெயிலுக்கு என்ன பொய் சொல்லுதெண்டு அட்டையப் படமெடுத்தாத் தெரியும். அதைத் திருத்துற கணக்கொண்டு, புரொபைல் எண்டு, செய்து போட்டா, கண்ணுக்குத் தெரியிற நிறம்தான் படத்திலயும் வரும்.”

முதலில் எடுத்ததை மேகம் வந்து கெடுத்தது. வெயிலுக்குச் செய்தது மந்தாரத்துக்குச் சரிவராது. வரம்பில் குந்தியிருந்து, வெயில் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மாமாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. நேற்றைய கலியாணத்து நித்திரைக் கலக்கமே தீராத ரதீசுக்கு, போதுமடா சாமி என்றிருந்தது.

உப்பு ஏறாமல் விளைந்திருந்த மேட்டு வயல்களுக்கு நெல் வெட்டு மெசின் கொண்டுபோன தங்கராசா, தெருவில் நிறுத்திக் கூப்பிட்டான். “அண்ணன், உங்கடையையும் வெட்டிவிடவா?”

மாமா திரும்பியும் பார்க்கவில்லை. “வயித்தெரிச்சலக் கிளப்புறான் மனே. பகிடிக்கும் ஒரு நேரமில்லையா?”

ஒருவழியாகப் படம் வந்தது. ரதீஸ் மடிக்கணினியை வயலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். திரையிலும் அதே மஞ்சள், வயலிலும் அதே மஞ்சள். இத்தனை கலியாணம் எடுத்தும் ஒரு கூறைச்சேலையின் நிறமாவது இவ்வளவு சரியாக வந்ததில்லை.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுதான் மனே. இதுதான் என்ர வயல்.”

மறுநாள் இருவரும் கந்தோர் வாங்கில் குந்தியபடி காத்துக் கிடந்தார்கள். சாப்பாட்டு நேரம் கழிந்துதான் உள்ளே கூப்பிட்டார்கள். பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்த படத்தை ரதீஸ் மேசையில் விரித்தான்.

“இது பொய் சொல்லாது சேர். வயல் எப்பிடியோ, அப்பிடியே இரிக்கு.”

அதிகாரி கண்ணாடியைப் போட்டார். படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. மாமா மருமகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நான் அப்பவே சொன்னன்தானே, நல்லா வருமெண்டு? தங்கமா விளைஞ்சிரிக்கு ஐயா!” என்றார் அதிகாரி. “எப்ப வெட்டு?”