பாதிக் கஞ்சி

"தினமும் சமைக்கும். ஒரு நாளும் சாப்பிடாது. அது என்ன?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற தாமரைச்செல்விக்கு மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அடுப்பு" என்றது உள்ளே ஒரு பெண் குரல்.

"தப்பு!"

"அப்ப குக்கர்."

"ஐயோ, நேத்தும் அதையேதான் சொன்னீங்க நுஸ்ரத்தக்கா. உங்களுக்கு விசிலைத் தவிர வேற ஞாபகமே வராதா?"

தமிழ்மொழிக்கு ஏழு வயது. எதை விழுங்கினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால் வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். கஞ்சி, பால், மருந்து எல்லாம் அதன் வழியாகத்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளக் காரைக்காலில் இந்த இல்லம் இருப்பதால்தான், தாமரைச்செல்வியால் நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வேலைக்குப் போக முடிகிறது.

ஆனால் கொஞ்ச நாளாக அவளுக்கு மனசு சரியில்லை. காலையில் நிறைத்துக் கொடுத்தனுப்பும் பிளாஸ்க், சாயங்காலம் பாதிக் கஞ்சியோடு திரும்பி வருகிறது. வீட்டில், மகள் தூங்கும்போது ஏற்றும் பாலில் ஒரு சொட்டு மிஞ்சுவதில்லை. இங்கே மட்டும் எப்படி மிஞ்சுகிறது?

பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறாள். இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பாதிக்கு மேல விட மாட்டேங்குறாக்கா" என்று நர்ஸ் நுஸ்ரத் போனில் சொன்னதைத் தாமரைச்செல்வி நம்பவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள்.

எட்டிப் பார்த்தாள்.

சக்கர நாற்காலியில் தமிழ்மொழி. அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, சங்கரா மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் நுஸ்ரத். பாதிக் கஞ்சியோடு பிளாஸ்க் ஓரமாக இருந்தது.

தாமரைச்செல்வி விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா? ஒரு பருக்கை வாயில வைக்க முடியாத புள்ள. அது எதிர்ல உக்காந்து மீன் குழம்பா?"

நுஸ்ரத் பதறி எழுந்தாள். "அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"என்னத்தக் கேக்குறது? ரெண்டு வருஷமா எங்க வீட்டுல மீன் வாசனையே கிடையாது. நானும் இவங்கப்பாவும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு, திருட்டுத்தனமா நாலு வாய் சாப்புட்டு, வாயைத் துடைச்சிக்கிட்டு வெளிய வர்றோம். எதுக்கு? இவ மனசு நோகக் கூடாதுன்னு!"

"அம்மா..."

"நீ சும்மா இரு. நாளையிலேர்ந்து எனக்கு வேலையும் வேணாம், இந்த இடமும் வேணாம். வீட்டுலயே வச்சு நான் பாத்துக்குறேன்."

"அம்மா, நீ சாப்புடுவியா?"

தாமரைச்செல்வி திரும்பினாள். "என்னடி கேள்வி இது?"

"அப்பாவுமா? நெசமாவா?"

பிள்ளையின் கண்கள் விரிந்திருந்தன. அதில் விளையாட்டு இல்லை.

நுஸ்ரத் மெதுவாகச் சொன்னாள். "இங்க வந்த நாள்லேர்ந்து என்னையும் இப்படித்தாங்கக்கா கேக்குறா. சாப்பிட்டேன்னு வாயால சொன்னா நம்புறதில்ல. கண்ணு முன்னாடி ரெண்டு வாய் சாப்புட்டுக் காட்டினாத்தான் குழாயத் தொடவே விடுறா. அதுலயும் இப்பக் கொஞ்ச நாளா, பாதி உள்ள போனதும் குழாய மடக்கிப் புடிச்சுக்குறா. மிச்சம் வீட்டுக்குன்னு பிளாஸ்க்க மூடச் சொல்றா. ஏன்டா கண்ணுன்னு கேட்டா, பதில் கிடையாது. இந்த விடுகதையத்தான் போடுறா."

"மிச்சம் யாருக்குடி?" தாமரைச்செல்வியின் குரல் இறங்கிவிட்டது.

"உனக்குத்தான். நீ தினம் எனக்குக் கஞ்சி காய்ச்சுவ. ஆனா சாப்புட்டு நான் பாத்ததே இல்லையே. எனக்கு மருந்து வாங்கறதால உங்களுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னு நெனச்சேன். தினம் பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு அடுப்படிக்குள்ள போவியே... நீயும் அப்பாவும் அதைக் குடிப்பீங்கன்னு நெனச்சேன்."

சாயங்காலந்தோறும் பிளாஸ்க்கைத் தொட்டியில் கவிழ்த்த கையைத் தாமரைச்செல்வி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தமிழ்மொழி நுஸ்ரத்தைப் பார்த்துச் சொன்னாள். "அப்ப என் விடுகதைதான் தப்புக்கா. அம்மாதான் விடை. ஆனா அம்மா சாப்புடுமாம்."

நுஸ்ரத் இன்னொரு தட்டைக் கழுவி எடுத்து வந்து, சோறும் குழம்பும் வைத்து, பாயில் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

"உக்காருங்கக்கா."

தாமரைச்செல்வி உட்கார்ந்தாள். மகளுக்கு எதிரே, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம், முதல் வாய் சோற்றை எடுத்தாள். மென்று விழுங்கினாள்.

"முள்ளு இருக்கும்மா. பாத்து" என்றாள் தமிழ்மொழி. "கண்ணைத் துடைச்சிக்கிட்டுச் சாப்புடு. இல்லாட்டி முள்ளு தெரியாது."

ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், தட்டு காலியாகும் வரை.

நுஸ்ரத் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிளாஸ்க்கைத் திறந்தாள்.

"மிச்சத்தை என்ன பண்ணட்டும் மொழிக்கண்ணு? வீட்டுக்கா, உனக்கா?"

தனக்கே என்றாள் தமிழ்மொழி.