சைனீஸ் தெரிந்த ஆள் தேவை

சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார் முதலாளி கோபாலசாமி. "ஏனுங்க அம்மணி, கோழி கிளறிவிட்டாப்பல இருக்குது. இது பாஸுங்களா, ஃபெயிலுங்களா?"

"பாஸுங்க சார். ஹெச்.எஸ்.கே.ன்னு சீன பாசைக்கு வெக்கற பரீட்சைங்க. நாலாம் லெவல்" என்றாள் மதிவதனி. காகிதத்தை நேராகத் திருப்பிக் கொடுக்கக் கை துறுதுறுத்தது. வேலை கேட்டு வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

இரண்டு வருஷம் மாங்கு மாங்கென்று படித்து, வெளியூர் போய் எழுதிய பரீட்சை. சோமனூரில் அவள் வீதியே அதற்கு 'நூடுல்ஸ் பரீட்சை' என்று பெயர் வைத்துச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இந்த வேலையும் அமையாவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கோபாலசாமி விஷயத்துக்கு வந்தார். சீனாவிலிருந்து தருவித்த ஆட்டோ லூம் தறி நாலு நாளாக ஓடவில்லை.

"போன தடவ வந்த இன்ஜினியர் பாதியிலயே பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாருங்க. இன்னிக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்கறாரு. நீங்க கூட நின்னு பேசோணும். அவரு தறிய ஓட விட்டுப்போட்டுப் போனார்னா வேலை உங்களுக்குத்தான்."

தறிக்குடோனில் லின் என்ற அந்தச் சீன இன்ஜினியர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். கோபாலசாமி போன வேகத்தில் ஆரம்பித்தார்.

"இந்த ஓட்டை மிஷின என் தலையில கட்டுனவன் உருப்படுவானான்னு கேளுங்க அம்மணி. எங்கூர்ப் பழைய இரும்புக்காரன்கூட இத எடுக்கமாட்டானுங்கன்னு சொல்லுங்க!"

மதிவதனி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இதை அப்படியே சொன்னால் இந்த மனுஷனும் பெட்டியைத் தூக்குவார்; அப்புறம் அவள் திருப்பூர் பஸ் ஏறவேண்டியதுதான். "எங்கள் முதலாளிக்கு உங்கள் மிஷின் என்றால் உயிர். அது நின்றதிலிருந்து சரியாகச் சாப்பிடவே இல்லை" என்று சீனத்தில் கூசாமல் அடித்துவிட்டாள்.

லின் அதற்கெல்லாம் உருகவில்லை. தறிக்கு அடியில் விரலை ஓட்டி, அப்பிக் கிடந்த பஞ்சைத் தூக்கிக் காட்டிப் படபடவென்று பொரிந்தார். 'இது தறிக்குடோனா, மாட்டுக்கொட்டகையா? மிஷினைத் துடைக்கத் தெரியாதவருக்கு மிஷின் எதற்கு? நாலு எருமை வாங்கி மேய்க்கச் சொல்!'

அவள் வாய் திறக்கும் முன்பே கோபாலசாமியின் காது மடல் சிவந்துவிட்டது. பாவம், தறி நின்ற கவலை மனுஷனை ஆட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள் மதிவதனி.

"குடோன் நல்லா விசாலமா இருக்குதாமுங்க சார்" என்றாள். "பஞ்சுதான் கொஞ்சம் அடஞ்சிருக்குதாமுங்க. காத்தடிச்சுச் சுத்தம் பண்ணிப்போட்டா சும்மா பறக்குமாமுங்க."

கோபாலசாமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டுக் காற்றடிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் நாலு தடவை முட்டிக்கொண்டார்கள். இவர் 'திருட்டுப்பய' என்றது அங்கே 'கெட்டிக்காரர்' ஆயிற்று. அவர் 'வாயாடிக் கிழவர்' என்றது இங்கே 'அனுபவஸ்தர்' ஆயிற்று. மதிவதனிக்கு அந்தப் பரீட்சையே தேவலாம் போலிருந்தது.

மூன்று மணிக்குத் தறி தடதடவென்று ஓட ஆரம்பித்தது. லின் கோபாலசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெட்டிக் கொடுத்த இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரித்த முகமாகக் காரில் ஏறினார். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் முதலாளி ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க அம்மணி. அந்த எருமை சமாச்சாரத்த ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

மதிவதனி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அது... உங்களுக்கு யாருங்க சார் சொன்னது?"

"யாரு சொல்லோணும்? எங்காது கேக்குதல்லங்க? அதே பரீட்சைல நான் அஞ்சாம் லெவல் பாஸுங்க."

தலைமேல் இடி விழுந்தது போலிருந்தது. பொய்யாகப் பேசியது முழுக்க இவருக்குத் தெரிந்திருக்கிறது! கண்ணில் நீர் முட்ட, சான்றிதழை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க சார். உள்ளதச் சொன்னா இவரும் போயிருவாரேன்னு பயந்துட்டேனுங்க. நான் வாரேனுங்க."

கதவு வரை போனவளுக்கு மனசு ஆறவில்லை. திரும்பிக் கேட்டேவிட்டாள். "அஞ்சாம் லெவல் முடிச்சவருக்கு நான் எதுக்குங்க சார்? நீங்களே பேசியிருக்கலாமல்லங்க?"

"பெட்டியத் தூக்கிட்டுப் போன ஆளுகிட்ட நாந்தானுங்க பேசுனேன்" என்ற கோபாலசாமி, தயாராக வைத்திருந்த வேலை உத்தரவை மேசையில் அவள் பக்கம் தள்ளினார். "நம்மூர்ல எப்படித் திட்டுனாலும் கடைசியா ஒரு 'ங்க' போட்டுச் சமாளிச்சுப்போடலாம், சைனீஸ்ல அது இல்லீங்களே அம்மணி!"